தஸ்நேவிஸ் படகின் விலை

ரெஜினாளுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் குமட்டும். ஆனாலும் பவளத்துறையில் ஒரு பழைய படகு கைமாறுகிறது என்றால் அவளைக் கூப்பிடாமல் விலை பேச மாட்டார்கள்.

அவள் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். விற்கிறவரின் கண்ணையும் வாங்குகிறவரின் கண்ணையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிந்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு முறை மாமனும் மச்சானும் ஒரு படகின் விலைக்காகக் கைகலப்பில் இறங்கினார்கள். யாரோ ஏலக்கூடத்திலிருந்து அவளை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். அன்று மாலை அந்த இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதிலிருந்து இதுவும் அவள் வேலையாகிவிட்டது.

சிலுவை அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எஞ்சின் மெக்கானிக். துறைமுகச் சுவரில் சாய்ந்துகொண்டு, உள்ளே வரும் படகின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மரத்தைத் தட்டிப் பார்த்து அதன் ஆயுளைச் சொல்வார். அவரையும் விலை சொல்லக் கூப்பிட்டதுண்டு. அவர் சொல்லும் விலையில் தப்பே இருக்காது. ஆனால் அவர் சொல்லி முடித்ததும் சண்டை இன்னும் பெரிதாகும்.

ஒரு நாள் அவர் ஏலக்கூடத்துக்கு வந்தார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி கேட்டார்.

"தாயி, எனக்குக் கத்துக்குடு."

ரெஜினாள் சிரித்துவிட்டாள். "நான் ஒரு எஞ்சினைக்கூடத் திறந்து பாத்ததில்லயே அண்ணே."

"எஞ்சின் எனக்குத் தெரியும். மத்ததைச் சொல்லிக்குடு."

"மத்ததுன்னா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வந்து நிக்கேன்?"

அன்றிலிருந்து அவள் விலை பேசப் போகும் இடமெல்லாம் சிலுவையும் போவார். பின்னால் நின்று பார்ப்பார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு இடத்தில் அவள் நிறையக் கேள்வி கேட்டாள். இன்னொரு இடத்தில் கேள்வியே கேட்கவில்லை. ஒரு இடத்தில் விற்கிறவரின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் காரியம் முடிந்தது.

ஒரு நாள் அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"பழைய படகுக்கு நியாயமான விலைன்னா எது தாயி?"

"அடுத்த படகு வரட்டும் அண்ணே."

அடுத்து வந்தது தஸ்நேவிஸின் படகு.

தஸ்நேவிஸ் அறுபதைத் தாண்டியவர். வாழ்க்கையில் பாதியை அந்த ஒரே விசைப்படகில் கழித்தவர். கொஞ்ச காலமாக அவருக்குக் கண் ஓரங்களில் இருட்டிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. இனி கடலில் வீல் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகை விற்பதாக அவர் ஊரில் சொன்னார். சொன்ன அன்று அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வாங்க வந்தவன் மிக்கேல். பதினாறு வயதிலிருந்து அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவன். அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வீட்டு நகைகளை அடகு வைத்துப் பணம் திரட்டியிருந்தார்கள். இந்தப் படகு சரியாக அமைந்தால் நான்கு குடும்பம் தலைநிமிரும். அமையாவிட்டால் நகையும் போகும், மறுபடி கூலிக்கும் போக வேண்டும்.

தஸ்நேவிஸ் பதினைந்து லட்சம் கேட்டார். மிக்கேல் பத்து லட்சத்துக்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்றான். ஒரு வாரம் இப்படியே ஓடியது. பிறகு ரெஜினாளுக்கு ஆள் அனுப்பினார்கள்.

படகு தோணித்துறையின் ஓரத்தில் கட்டிக் கிடந்தது. நீல வண்ணம் புதிதாக அடித்திருந்தார்கள். முன்பக்கம் 'சிந்தாத்திரை மாதா' என்று பெரிய எழுத்தில் பெயர்.

ரெஜினாள் கரையிலேயே நின்றுகொண்டாள். "நீங்க பாருங்க அண்ணே" என்றாள்.

சிலுவை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பலகை பலகையாகச் சுத்தியலால் தட்டினார். சுக்கானை ஆட்டினார். மீன் போடும் ஐஸ் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது வியர்வையும் டீசலுமாக மேலே ஏறினார்.

"எஞ்சின் தங்கம். மரம் வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கு. பேணி வச்சிருக்காரு. பன்னிரண்டு லட்சம் போகும்."

அவர் வாயை மூடும் முன் தஸ்நேவிஸ் எழுந்துவிட்டார்.

"பன்னிரண்டா? நீரு என்னவே, விறகுக்கு எடை போட வந்தீரா? புயலு அடிச்ச வருசம் பத்துப் பதினஞ்சு படகு திரும்பி வரல. இது வந்துச்சு. அதுக்கு என்ன விலை போட்டீரு?"

மிக்கேலும் எழுந்தான். "புயலு எப்பயோ அடிச்சது மாமா. நான் வாங்குறது இனிமே ஓடப்போற படகு. புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. அதுக்கடியில என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏல, நான் மறைச்சு விக்கேங்கியா?"

"அப்படிச் சொல்லல. எனக்குத் தெரியலங்கேன்."

"தெரியலன்னா போ. கூலிக்கே போ."

மிக்கேலின் கூட்டாளி ரூபன் முன்னால் வந்தான். அவனுக்குக் கை சீக்கிரம் ஓங்கும். சிலுவை குறுக்கே போய் நின்றார். அவர் சொன்ன விலையை இரண்டு பக்கமும் சேர்ந்தே திட்டியது.

ரெஜினாள் அதுவரை படகின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தஸ்நேவிஸ் மாமா, நாளைக்குக் கடலுக்குப் போவமா?" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மிக்கேல் ஓட்டட்டும். அவன் ஆளுங்களும் வரட்டும். நானும் சிலுவை அண்ணனும் வருதோம். நீங்க முன்னால உக்காருங்க. ஒரே ஒரு ஏற்பாடு. படகு கரையை விட்டதுல இருந்து திரும்பிக் கரையில கட்டுற வரைக்கும், நீங்களும் பேசக் கூடாது, மிக்கேலும் பேசக் கூடாது. யாரு முதல்ல வாயைத் திறக்காங்களோ, அவங்க மத்தவங்க சொல்ற விலைக்கு ஒத்துக்கணும்."

மிக்கேல் யோசித்தான். "நான் பேசுனா பதினஞ்சு. மாமா பேசுனா என் விலை. அதானக்கா?"

"அதான்."

தஸ்நேவிஸ் சிரித்தார். "நாள் பூரா ஒரு வார்த்தை பேசாம வலை இழுத்தவன் நான். சரி."

"எனக்கும் சரி" என்றான் மிக்கேல்.

ரூபன் மட்டும் முணுமுணுத்தான். "பொம்பளையப் படகுல ஏத்துனா நல்லதில்லம்பாங்க."

தஸ்நேவிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். "படகு மூக்குல எழுதியிருக்கே, அது யாருல? உங்க சித்தப்பனா?"

ரூபன் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் போனான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது புறப்பட்டார்கள். மிக்கேல் வீலைப் பிடித்தான். தஸ்நேவிஸ் முன்னால், படகின் மூக்கில், ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். கழுத்துத் துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல் சத்தம் வராமல் சிரித்தான்.

ரெஜினாள் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். துறைமுக வாயைத் தாண்டியதும் தலையைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் நிமிரவே இல்லை. சிலுவை அவள் முதுகைத் தட்டிவிட்டபடி பக்கத்தில் நின்றார். குருவென்று தேடி வந்த ஆள் இந்தக் கோலத்தில் இருப்பதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

"திரும்பிருவமா தாயி?"

அவள் கையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்.

ஆழத்துக்குப் போகப் போகப் படகு வேகம் எடுத்தது. சிலுவைக்கே ஆச்சரியமாக இருந்தது. கரையில் தட்டிப் பார்த்த படகு இது இல்லை. அலை வரும்போது மேலே ஏறிக் குதிக்கவில்லை. அதன் மேல் சாய்ந்து, வழுக்கி, மறுபக்கம் இறங்கியது. பழைய தோழியிடம் வழி கேட்டுப் போவதுபோலப் போனது.

மிக்கேல் முதலில் வீலை இறுக்கிப் பிடித்திருந்தான். அடுத்தவர் படகில் இருந்த பழக்கம் அது. கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் தளர்ந்தன. பிறகு இரண்டு விரலால் பிடித்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மறைக்க அவன் கடலைப் பார்த்தான். மறைக்க முடியவில்லை.

தஸ்நேவிஸ் ஒரு முறை திரும்பி அவன் விரல்களைப் பார்த்தார். நேரே பார்த்தால் அவருக்குத் தெரியும். பார்த்துவிட்டுத் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு மறுபடியும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலையை ஒரு முறை போட்டு எடுத்தார்கள். கொஞ்சம் மீன் விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. படகைத் திருப்பினார்கள்.

கரை கண்ணுக்குத் தெரியும்போது காற்று மாறியது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வேகமாக வீசத் தொடங்கியது. தெற்கிலிருந்து அலை வரிசை வரிசையாக எழுந்து வந்தது. அந்தக் கடலுக்கு அது புதிதில்லை. பெரும்பாலான படகுகள் அப்படிப்பட்ட நாளில் நேராகவே துறைமுக வாய்க்குள் நுழையும். இடது பக்கம் அலை மோதும், படகு ஆடும், உள்ளே போனதும் அடங்கிவிடும்.

மிக்கேலும் நேராகவே விட்டான்.

முதல் அலை இடது விலாவில் வந்து மோதியது. படகு ஆடியது. பின்பக்கம் ஐஸ் அறையின் மூடிமேல் ரூபன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் சிரித்துக்கொண்டே தண்ணீரை முகத்திலிருந்து துடைத்தான்.

தஸ்நேவிஸ் பாதி எழுந்தார்.

சிலுவை அவரைப் பார்த்தார். அவர் ஏன் எழுந்தார் என்று சிலுவைக்குப் புரியவில்லை. தஸ்நேவிஸின் கை துண்டின் மேல் போனது. பிறகு இறங்கியது. அவர் மறுபடி கயிற்றுச் சுருளில் உட்கார்ந்தார்.

இரண்டாவது அலையும் மோதியது. ஐஸ் அறைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழைய கதவு அசைவதுபோல ஒரு சின்னச் சத்தம். ஊரிலேயே நல்ல காது சிலுவைக்கு. எஞ்சின் சத்தத்தை மீறி அது அவருக்குக் கேட்டது.

தஸ்நேவிஸ் தெற்கே பார்த்தார். மூன்றாவது அலை முந்தைய இரண்டையும்விட உயரமாக வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி ரூபனைப் பார்த்தார். ரூபன் அதே இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். மிக்கேல் இரண்டு விரலால் வீலைப் பிடித்திருந்தான். நிதானமாக, சந்தோஷமாக.

தஸ்நேவிஸ் துண்டைப் பிய்த்து எறிந்தார்.

"தெற்கே திருப்புல! இடதைக் காட்டாத! உள்ள வங்கு விட்டுப் போயிருக்கு, பலகை தாங்காது! ரூபா, எந்திரி! எந்திரிச்சு முன்னால வா!"

அறுபதைத் தாண்டிய மனிதர் ஆடுகிற படகில் ஓடினார். பக்கம் தெரியாத கண்ணோடு ஓடினார். எதிலும் இடிக்கவில்லை. அந்தப் படகில் எது எங்கே இருக்கிறது என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வீலில் மிக்கேலின் கைமேல் தன் கையை வைத்தார்.

"இப்படி. மூக்கை அலைக்குக் குடு. மூக்கு தாங்கும். மூக்கை எத்தனை அலையும் அடிக்கலாம்."

படகு தெற்கே திரும்பியது. மூன்றாவது அலையை முகத்தில் வாங்கியது. ஏறியது. இறங்கியது.

ஐஸ் அறைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தது. ரூபனும் மற்ற இருவரும் வாளியால் இறைத்தார்கள். சிலுவை உள்ளே இறங்கினார். ஐஸ் அறையின் சுவர்த் தகட்டை நெம்பிக் கழற்றினார். பின்னால் கையை விட்டுத் தடவினார். பலகையை உள்ளிருந்து தாங்கும் வளைந்த கட்டையை வங்கு என்பார்கள். அந்த இடத்தில் வங்கு நீளவாக்கில் பிளந்திருந்தது. வெளியே பலகை முழுசாக இருந்ததால் சுத்தியல் சத்தம் அவரை ஏமாற்றிவிட்டது. அவர் தன் சட்டையையும் ஒரு பழைய சாக்கையும் அந்த இடுக்கில் திணித்துக் கட்டை கொடுத்து இறுக்கினார்.

மேலே தஸ்நேவிஸ் மிக்கேலுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இனி பேசுவதற்குத் தடை இல்லை.

"அந்தத் தெக்குக் கல்லு வரைக்கும் போ. அங்க போய்த் திரும்பு. அலையை முதுகுல வாங்கு. இவ முதுகுல வாங்குனா குழந்தை மாதிரி வருவா. கல்லு மறைவுக்கு வந்த பிறகு உள்ள திருப்பு."

"இதுக்குத்தான் இந்தக் காத்துல நீங்க எப்பவும் சுத்தி வருவீங்களா மாமா?"

"போன வருசம் தோணித்துறையில மோதுனது. பலகை தாங்கிருச்சு, உள்ள விட்டுருச்சு. நான் ஓட்டுனா தெரியாது. என்னைத் தவிர யாரு ஓட்டப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

அவர் வீலிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்.

"விக்கும்போதும் சொல்லல."

மிக்கேல் அவர் சொன்ன கல்லைத் தாண்டித் திரும்பினான். அலை பின்னாலிருந்து தள்ளியது. படகு அலுங்காமல் துறைமுகத்துக்குள் வந்தது.

கரையில் கட்டியதும் ரெஜினாள் முதலில் இறங்கினாள். தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவி, ஒரு எலுமிச்சை சோடா வாங்கிவரச் சொன்னாள். அதைக் குடித்து முடிக்கும் வரை எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

தஸ்நேவிஸ்தான் ஆரம்பித்தார்.

"நான்தான் பேசுனேன். பேச்சு பேச்சுதான். மிக்கேல் சொல்ற விலை. வேண்டாம்னு விட்டுட்டுப் போனாலும் சரிதான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

ரெஜினாள் மிக்கேலைப் பார்த்தாள். "என்னப்பா, உன் விலை என்ன?"

மிக்கேலின் மற்றொரு கூட்டாளி அவன் காதில் ஏதோ சொன்னான். காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எட்டு என்று சொல். ஓட்டைப் படகு. அவர் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

மிக்கேல் படகைப் பார்த்தான். நீல வண்ணத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா, இவளுக்கு வேற என்ன இருக்கு?"

"என்னல?"

"வேற என்ன குறை. எல்லாத்தையும் சொல்லுங்க."

தஸ்நேவிஸ் கீழே உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். குளிர்ந்த காலையில் எஞ்சின் முதல் தடவை எடுக்காது, திட்டாமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சுக்கான் ஒரு விரற்கடை வலது பக்கம் இழுக்கும். பாரம் பின்னால் கூடினால் கோபித்துக்கொள்வாள், மீனை முன்னால் தள்ளி அடுக்க வேண்டும். வடக்கு நீரோட்டத்தில் வலை போடும்போது அவளே நின்று கொடுப்பாள், எஞ்சினைத் தொடவே கூடாது. குறையைச் சொல்கிறாரா, பெருமையைச் சொல்கிறாரா என்று கேட்டவர்களுக்குப் பிரிக்க முடியவில்லை. அவருக்கும் முடிந்திருக்காது.

சொல்லி முடித்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. கடல் தண்ணீர் காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"பன்னிரண்டரை" என்றான் மிக்கேல்.

சிலுவை தன் காதை நம்பவில்லை.

"ஏல, கிறுக்கா?" என்றார் தஸ்நேவிஸ். "பேச்சுப்படி நீ பத்துக்கு எடுக்கலாம்."

"பேச்சு பத்து இல்ல மாமா. என் விலைதானே? நேத்து என் விலை பத்து. அது எனக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்து சொன்னது. இப்ப பயம் இல்ல."

"வங்கு விட்டுப் போயிருக்கே."

"மாத்திக்கலாம். மரம்தானே."

ரூபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எல்லோரும் அவன் மறுக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். அவன் பங்குக்கு அவன் அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது.

"நான்தான் அந்த மூடிமேல உக்காந்திருந்தேன்" என்றான். "அவரு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இன்னும் ரெண்டு அலை தாண்டுனா உள்ள வந்திருப்போம். தாண்டவும் தாண்டியிருக்கும். குறையும் தெரிஞ்சிருக்காது, விலையும் எறங்கியிருக்காது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பன்னிரண்டரையே சொல்லு மிக்கேலு."

தஸ்நேவிஸ் எழுந்து படகின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கையை அதன்மேல் வைத்தார்.

"வங்கு என் செலவு" என்றார். "நானே நின்னு மாத்தித் தருவேன். அதுல பேச்சு கிடையாது."

"சரி மாமா."

"பிறகு..." அவர் இழுத்தார். "இந்தக் கச்சான் காலம் முடியுற வரைக்கும் நான் கூட வாறேன். வீலைத் தொட மாட்டேன். மூக்குல உக்காந்துக்கிடுதேன். கண்ணு சரியில்லன்னாலும் இவ அசையுறது எனக்கு முதுகுல தெரியும்."

"துண்டைக் கட்டிக்காம வாங்க" என்றான் மிக்கேல்.

அவர் பெரிதாகச் சிரித்தார். ரூபன் அவர் எறிந்த துண்டைப் படகிலிருந்து தேடி எடுத்து வந்து, உதறி, அவர் தோளில் போட்டான்.

அவர்கள் எல்லோரும் டீக்கடைப் பக்கம் போனார்கள். சிலுவையும் ரெஜினாளும் தோணித்துறையில் தனியாக நின்றார்கள். சிலுவைக்கு மேலே சட்டை இல்லை. அது படகின் விலாவில் இருந்தது. ரெஜினாள் படகு கட்டும் கல் ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள்.

சிலுவை அவள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வங்கு விட்டுப் போயிருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா தாயி?"

"தெரியாது அண்ணே."

"தஸ்நேவிஸ் வாயைத் திறப்பாருன்னு?"

"தெரியாது."

"மிக்கேல் ஏத்திச் சொல்லுவான்னு?"

"அது எப்படித் தெரியும்? நான் நிமிர்ந்தே பாக்கலயே."

"நல்ல படகுன்னு நெனச்சு நான் பன்னிரண்டு சொன்னேன். ரெண்டு பேரும் என்னை அடிக்க வந்தாங்க. ஓட்டைன்னு தெரிஞ்ச பிறகு அவன் பன்னிரண்டரை சொல்லுதான், இவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வாங்கிக்கிடுதாரு. நீ ஒரு விலையும் சொல்லல."

"இல்ல."

"உனக்குக் கடல் ஆகாது. நீச்சலும் தெரியாது. இவ்வளவு பாடுபட்டு எங்களையெல்லாம் எதுக்குக் கூட்டிட்டுப் போன? கரையில நின்னே ஒரு விலையைச் சொல்லியிருக்கலாமே. நீ சொன்னா அவங்க கேட்டிருப்பாங்க."

ரெஜினாள் படகைப் பார்த்தாள். அது கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"கரையில கிடந்தப்போ அதுக்குள்ள ஆளு இல்லயே அண்ணே" என்றாள். "காலிப் படகுக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது."